சிரிப்புக்குத் தனி விலை

மகனே,

நீ நலம் என்று எழுதியிருக்கிறாய். நாங்களும் நலம். மழை, அட்டைக்கடி, அப்பாவின் இருமல் மூன்றும் வழக்கமான இடத்தில் இருக்கின்றன. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

ஹட்டன் கடைவீதியில், தையற்கடைக்காரரிடம் வாடகைக்கு எடுத்த அந்த மூலையில் உட்கார்ந்து நீ எழுதிய கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். முதல் தடவை தாயாக வாசித்தேன், கண் கலங்கியது. இரண்டாம் தடவை பொம்மை செய்கிறவளாக வாசித்தேன். சிரிப்பு வந்தது, பிறகு அதுவும் நின்றுவிட்டது. நுவரெலியாவில் பெரிய ஹோட்டலுக்குள் கடை வைத்திருக்கும் சீமாட்டி, அந்த நோனா, சனிக்கிழமை உன்னிடம் வருகிறார். ஏப்ரல் சீசனுக்கு, தேயிலை பறிக்கும் நூறு கொழுந்துக்காரிப் பொம்மைகள் வேண்டுமாம். விலையை நீயே சொல்லலாமாம், ஆனால் சொன்ன விலை அந்த வருடம் முழுவதும் மாறக்கூடாதாம். இதற்கு நீ யோசித்து வைத்திருக்கும் விலையையும் எழுதியிருக்கிறாய்: "தோட்டத்துல ஒரு நாளுக்கு என்ன பேரோ, அதையே ஒரு பொம்மைக்கு வச்சிரலாம்னு இருக்கேம்மா. நியாயமா இருக்கும்."

நியாயம் என்ற சொல்லை நீ எங்கே கற்றாய் என்று தெரியவில்லை. இந்தத் தோட்டத்தில் கற்றிருக்க முடியாது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய் நின்று, பகலெல்லாம் மலையில் நனைந்து, மாலையில் கொழுந்தை நிறுத்து, கணக்கப்பிள்ளை பேர் போட்டால் ஒரு நாள் சம்பளம். நிறை குறைந்தால் அரைப்பேர். இதை உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் கார் வைத்திருக்கும் ஒரு நோனாவுக்கு நீ இதை விளக்கப் போகிறாய், அவர் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு கேட்கப் போகிறார் என்று நினைக்கும்போதுதான் எனக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை. தேயிலை ஸ்டோரில் நீ விட்டுப்போன இடத்தை டீமேக்கர் ஐயா மாத முடிவு வரை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறாராம். அவருடைய நல்ல மனது எனக்குத் தெரியும். நீ திரும்பி வருவாய் என்பதில் அவருக்கு இருக்கும் நம்பிக்கை அது. நீ நினைத்திருக்கும் விலையில் நூறு பொம்மை தைத்தால் அவருடைய நம்பிக்கை வீண்போகாது. வாடகையும் துணியும் நூலும் போக உன்னிடம் மிஞ்சுவது ஊசி மட்டும்தான்.

அந்த விலை உன்னுடையதல்ல என்பதால்தான் இத்தனை கோபமாக எழுதுகிறேன். அது என்னுடையது. அதை எந்த அறிவோடு வைத்தேன் என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

நீ நடை பழகிய காலத்தில் நான் பிள்ளைக் காம்பராவில் ஆயாவாக இருந்தேன். தாய்மார் மலைக்குப் போனதும் அத்தனை குழந்தைகளும் சேர்ந்து அழும். எல்லாரையும் விட உரக்க அழுதது, நம் லயத்தில் பக்கத்துக் காம்பராவில் இருக்கும் மாரியாயியின் மூத்த மகள். அவள் வாயை மூட வேறு வழி தெரியாமல் ஒரு துணிப் பொம்மை செய்தேன். மாரியாயியைப் போலவே வலது பக்கம் சரிந்த கொண்டை, தலையில் கூடைக்கயிறு அழுத்தும் இடத்தில் மடித்த நீலத்துணி, இடுப்பில் சாக்குத் துண்டு, முதுகில் விரல் நீளக் கூடை. மாரியாயி சும்மா சிரிக்கிற ஆள் இல்லை என்பதால் வாய்க்கு நேராக ஒரே ஒரு தையல். குழந்தை அதை ஒருதரம் உற்றுப் பார்த்தது, கூடையைப் பிடித்து இழுத்தது, பிறகு பொம்மையின் தலையை வாயில் வைத்துக்கொண்டு தூங்கிவிட்டது. என் வேலையை அந்தளவு கவனமாகச் சோதித்தவர்கள் அதற்குப் பிறகு யாரும் இல்லை.

பால் கலக்குவதைச் சோதிக்க வந்த துரைசாணியின் கண்ணில் அது பட்டது. "மிச்சம் நல்லா இருக்கு! என்னா சல்லி?" என்று கேட்டார். பங்களாவிலிருந்து வந்த யாரும் அதுவரை என்னிடம் எதற்கும் விலை கேட்டதில்லை. துணியால் செய்த கொழுந்துக்காரிக்கு உயிருள்ள கொழுந்துக்காரியை விட அதிகம் கேட்பது எப்படி என்று ஒரு கூச்சம். அடைமழையில் நிற்கிறவளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பேர்தானே, கூரைக்குள் நிற்கிற பொம்மைக்கு அதற்குமேல் கேட்டால் கடவுளுக்குப் பொறுக்குமா என்று நினைத்தேன். கடவுளின் பெயரைச் சொன்னாலும் உண்மையில் நான் பயந்தது கணக்கப்பிள்ளைக்கு. "ஒரு பேருங்க" என்றேன். துரைசாணி பொம்மையைத் திருப்பிக் கூடைக்குள் எட்டிப் பார்த்தார். அது காலி. "ஐயோ, கூடை நெறையல்ல! அரைப்பேர்!" என்று சொல்லி, தன் நகைச்சுவையைத் தானே ரசித்துச் சிரித்து, பாதிக் காசை எடுத்துக் கொடுத்துவிட்டுப் பொம்மையைக் கொண்டு போனார். நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பையும் காசில்லாமல்தான் கொடுத்தேன். அன்றிரவே உட்கார்ந்து அடுத்த பொம்மையின் கூடையில் காய்ந்த கொழுந்தை நிரப்பித் தைத்தேன், முழுப்பேர் கிடைக்க வேண்டுமே. விலையைப் பற்றி இந்தத் தோட்டத்தில் ஒருத்தி எவ்வளவு தூரம் சிந்திக்க முடியும் என்பதற்கு அந்தக் கூடை சாட்சி.

அதன் பிறகு பங்களாவுக்குப் பங்களா கேட்டு அனுப்பினார்கள். என் கை பழகியது. மூன்று நாள் மாலையில் தைத்ததை ஒரே மாலையில் தைக்கத் தொடங்கினேன். அடுத்த தோட்டத்துத் துரைசாணி புத்திசாலி. "இப்ப சுறுக்கா செய்றதுதானே? அப்ப ஒரு பேர் மிச்சம் கூடுதல்தானே, கொறைக்கணும்" என்றார். எனக்கும் அது சரி என்றே பட்டது, ஏனென்றால் அளவுகோலை எடுத்துக் கொடுத்தவளே நான்தான். கை எவ்வளவு தேறுகிறதோ அவ்வளவு கூலி குறையும் ஒரு தொழிலை, வெள்ளைக்காரன் கூடக் கண்டுபிடிக்காத ஒன்றை, பிள்ளைக் காம்பராவில் உட்கார்ந்து நான் கண்டுபிடித்தேன். அந்த ஒரு மாலைக்குள் எத்தனை வருட மாலைகள் இருக்கின்றன என்று நான் சொல்லவில்லை. கேட்டால்தானே சொல்வதற்கு?

உன் அப்பாவின் வியாபார முறை இன்னும் சிறந்தது. அவர் காசே வாங்கமாட்டார். கணக்கப்பிள்ளை வீட்டுக்கு ஒன்று, மருந்துக் காம்பரா ஐயாவுக்கு ஒன்று, கங்காணியின் மைத்துனருக்கு ஒன்று. "ஒரு நாளு ஒதவும்டி" என்பார். அந்த நாளை நான் இன்னும் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஹட்டனில் நடந்த கைவேலைக் கண்காட்சியை நீ மறந்திருக்க மாட்டாய். கொழும்பிலிருந்து வந்த பிரமுகர் கழுத்து நிறைய மாலையோடு என் பொம்மைகளைத் தூக்கிக் காட்டி, "இந்தக் கலைக்கு விலையே கிடையாது" என்று அரைமணி நேரம் பேசினார். பேசிய பிறகு அந்தக் கருத்தில் உறுதியாக நின்று, இரண்டு பொம்மைகளை எடுத்துக்கொண்டு காரில் ஏறிப் போய்விட்டார். கலை என்று சொல்லிக்கொண்டு உன் மூலைக்கு யாராவது வந்தால் முதலில் பொம்மைகளை எண்ணி வைத்துக்கொள்.

இப்போது மாரியாயி அத்தையின் கதைக்கு வருகிறேன். உனக்குத் தெரிந்தது பாதிதான். மீதியை இத்தனை நாள் நான் சொல்லவில்லை.

ஒரு நாள் மத்தியானம், கடைசிக் குழந்தைக்குப் பால் கொடுக்க மாரியாயி பிள்ளைக் காம்பராவுக்கு வந்தாள். பங்களாவுக்குப் போக வேண்டிய பொம்மைகளை ஜன்னலோரம் வரிசையாக நிறுத்தி வைத்திருந்தேன். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டே ஒன்றை எடுத்துப் பார்த்தாள்.

"இது யாருடி?"

"பொம்மை."

"பொம்மைக்கு எதுக்குடி என் கொண்டை? இந்தப் பக்கம் சாயிறது நான் மட்டுந்தானே. இதுல பாரு, நீலத்துணி வேற. எத்தன வருசமா என்னய வித்துத் தின்னுக்கிட்டு இருக்க?"

"புள்ள அழுவுதுன்னு செஞ்சேன்டி. அப்புடியே பழகிப்போச்சு."

"சரி, என்ன வெலைக்கு விக்கிற?"

"ஒரு பேரு."

முதலில் அவள் கெக்கலித்துச் சிரித்தாள். "நா மல முழுக்க ஏறி எறங்கினா ஒரு பேரு. இவ பொட்டிக்குள்ள படுத்துக்கிட்டே ஒரு பேரு வாங்குறாளா? யோகக்காரிடி!" என்றாள். பிறகு சிரிப்பு நின்றது. பிள்ளையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, பொம்மையை என் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"தொரை எனக்கு வச்ச வெலையவே நீயும் வச்சிருக்கியேடி. அவருக்காச்சும் என்னத் தெரியாது. நீ பக்கத்துக் காம்பரா."

நான் பதில் சொல்லும் வரை அவள் காத்திருக்கிற ஆள் இல்லை. அடுத்த மூச்சில் தன் பங்கு எங்கே என்று கேட்டாள். அவளைப் பெரிய ஞானி என்று நினைத்துவிடாதே. அவளுக்கு அப்போது ஒரு பித்தளைக் குடம் வாங்க வேண்டியிருந்தது. இந்த விலையில் நூல் வாங்கவே காணாது, பங்கு எங்கிருந்து வரும் என்றேன். "அப்பன்னா வெலைய ஏத்து" என்றாள். துரைசாணி வாங்கமாட்டார் என்றேன். "கேட்டியா?" என்றாள். கேட்கவில்லை என்றேன். "கேக்காமயே மாட்டாங்கன்னு சொல்றதுக்கு நீ என்ன அவுங்க வூட்டு சமையக்கார அப்புவா?" என்றாள்.

மறுநாள் வேலை முடிந்ததும், நனைந்த கம்பளியோடும், அட்டை கடித்து ரத்தம் வழியும் காலோடும், அவள் என்னுடன் பங்களாவுக்கு வந்தாள். பின்வாசலில் நின்றோம். துரைசாணி வந்து பெட்டியைத் திறந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் மாரியாயி சொன்னாள்:

"மூணு பேரு தொரசாணி. எனக்கு ஒண்ணு, இவளுக்கு ஒண்ணு, பொம்மைக்கு ஒண்ணு."

"பொம்மைக்கு ஏன் பேர்?"

"அவளுந்தானே நிக்கிறா."

துரைசாணி பொம்மையைப் பார்த்தார், மாரியாயியைப் பார்த்தார், அவள் காலடியில் மெழுகு போட்ட தரையில் விழுந்த ரத்தத்தைப் பார்த்தார். உள்ளே திரும்பிக் காசுப்பையைக் கொண்டுவரச் சொன்னார். ஒரு வார்த்தை பேரம் பேசவில்லை. முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. எத்தனை வருடம் பெரிய விலை என்று நினைத்து நான் கூசிக் கூசிச் சொன்னது, அவர் பையில் எண்ணிப் பார்க்கும் அளவுக்குக்கூட ஒரு தொகை இல்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. நான் காப்பாற்றி வந்தது அவருடைய காசைக்கூட இல்லை, என்னைப் பற்றி அவர் வைத்திருந்த அபிப்பிராயத்தை. அப்படி ஓர் அபிப்பிராயம் அவரிடம் இருந்ததாகவும் பிறகு தெரியவில்லை.

அங்கேயே நாங்கள் திரும்பியிருக்க வேண்டும். காசை நீட்டும்போது துரைசாணி கேட்டார்: "இது ஏன் சிரிக்க இல்ல? கொழுந்து எடுக்கிற பொம்பளை சந்தோசம்தானே?"

மாரியாயி சாவதானமாகச் சொன்னாள்: "சிரிப்பு இந்த வெலையில இல்லீங்க. அது தனி."

துரைசாணியின் கை நின்றது. நான் பயந்துபோனேன். கைக்கு வந்த காசு திரும்பிவிடுமோ என்ற பயம். குறுக்கே விழுந்து, "அடுத்த தடவையில இருந்து சிரிக்க வச்சே தாரேங்க, அதுக்கெல்லாம் வெல இல்லீங்க" என்றேன். காசு கைக்கு வந்தது. மாரியாயி தன் பங்கை எடுத்துக்கொண்டு, எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தாள். லயத்துக்கு வந்ததும் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "தொரசாணிக்காக எனக்குப் பல்லுக் கட்டிட்டாடி இவ."

அன்றிலிருந்து என் பொம்மைகள் சிரிக்கின்றன. நேர்த்தையலை விட்டுவிட்டு, வாயின் இரண்டு ஓரத்தையும் மேலே இழுத்து, சிவப்பு நூலால் வளைத்தேன். பங்களாக்களில் அதற்குக் கிராக்கி. பிள்ளைக் காம்பராவில் மட்டும், சிரிக்கிற பொம்மையைக் கட்டிக்கொண்டு தூங்கிய குழந்தை ஒன்றுகூட இல்லை. பார்க்கும், தள்ளிவிடும், மறுபடியும் அழும். மலையிலிருந்து வரும் தாய் எப்படி இருப்பாள் என்று அதுகளுக்குத் தெரியும். உன் கையைப் பிடித்து நான் கற்றுக்கொடுத்த முதல் வாயும் இந்தச் சிரிக்கிற வாய்தான். நீ வேறு வாயே தைத்ததில்லை. நோனா நூறு பொம்மை கேட்டதும், "முகங்கள் நன்றாகச் சிரிக்க வேண்டும்" என்று சொன்னதும் உனக்கு உறுத்தவில்லையே, அதற்கு நீ காரணமில்லை.

அவர் இன்னும் என்னென்ன சொன்னார் என்று நீ பெருமையாக எழுதியிருப்பதையும் பார்த்தேன். நூறு வாங்குவதால் விலை குறைய வேண்டுமாம். நூறாவது பொம்மையின் கண்ணைத் தைக்கும்போது உன் கண் முதல் பொம்மைக்கு இருந்ததை விடக் கூர்மையாகிவிடும் என்று அவர் நம்புகிறார் போலும். விற்காதவற்றைத் திருப்பித் தருவாராம். சீசன் முழுவதும் கண்ணாடி அலமாரியில் வெயில் குடித்து வெளுத்த பொம்மையை நீ என்ன செய்வாய், டீமேக்கர் ஐயாவுக்குப் பரிசளிப்பாயா? உன் பெயர் லண்டன் வரை போகுமாம். பொம்மையில் உன் பெயரைத் தைக்க இடம் விட்டிருக்கிறாரா என்று கேட்டுப்பார். ஆனால் பாவாடை விளிம்பில் "இலங்கையில் செய்யப்பட்டது" என்று ஒரு துண்டுத் துணி கட்டாயம் தைக்க வேண்டும் என்கிறாராம். தைத்துவிடு. பிரஜாவுரிமைக்கு உன் அப்பா போட்ட மனு, பாட்டன் எங்கே பிறந்தார் என்ற கேள்வியோடு திரும்பி வந்தது உனக்கு நினைவிருக்கும். பொம்மையிடம் யாரும் பாட்டனைக் கேட்கவில்லை. நம் குடும்பத்தில் ஒரு துணிப்பெண்ணுக்காவது நாடு கிடைத்ததே என்று அப்பா உண்மையாகவே சந்தோஷப்பட்டார்.

ஆகவே சனிக்கிழமை நீ பேரை வாயில் எடுக்காதே. அது துரை தன் வசதிக்குச் செய்துகொண்ட அளவு. அதால் நீ எதை அளந்தாலும் துரைக்குத்தான் லாபம். ஒரு நாளில் எத்தனை தைப்பாய் என்று கேட்டால், இத்தனை வருடத்தில் ஒன்று என்று சொல். துணியின் விலை, நூலின் விலை, வாடகை, நீ சாப்பிடும் சோறு, உன் கை தேறிய வருடங்கள், எல்லாவற்றையும் நினைத்துக்கொண்டு ஒரு விலையைச் சொல். சொல்லும்போது உனக்குக் கூச்சமாக இருந்தால் அது சரியான விலைக்குக் கிட்ட வந்துவிட்டது என்று அறிந்துகொள். கூச்சமே இல்லாவிட்டால் அது என் பழைய விலை. சொன்னபின் பேசாதே. ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டிரு. நான் கெட்டது விலை சொன்னதால் அல்ல; சொன்னபிறகு வந்த அமைதியைத் தாங்கமுடியாமல் வாயைத் திறந்ததால்தான். நோனா எழுந்து காருக்குப் போனால் போகட்டும். நூறு பொம்மை தைத்து நொடித்துப்போவதை விட, ஒன்றும் தைக்காமல் மூலையில் உட்கார்ந்திருப்பது மலிவு.

இந்தக் கடிதத்தோடு ஒரு பொம்மை அனுப்புகிறேன். நேற்றுத்தான் முடித்தேன். இத்தனை வருடத்துக்குப் பிறகு வாய்க்கு ஒரே ஒரு நேர்த்தையல் போட்டிருக்கிறேன். மூன்று தடவை பிரித்துத் தைத்தேன். இதை நோனாவின் முன்னால் வை. நூறும் இப்படித்தான் இருக்கும், இதுதான் விலை என்று சொல். சிரிப்பு வேண்டுமென்று கேட்பார். சிரிப்புக்குத் தனி விலை என்று சொல். எவ்வளவு என்று கேட்டால் நீ பதில் சொல்லத் தேவையில்லை.

பொம்மையை உன்னிடம் கொண்டுவருவது மாரியாயி அத்தைதான். தபாலில் அனுப்பினால் கூடை நசுங்கிவிடும் என்று நான் சொன்னது ஒரு சாக்கு. பெட்டியைக் கட்டும்போது அவள் வாசலில் நின்று பார்த்தாள். வாயைப் பார்த்தாள். "இப்பத்தான் நான் மாதிரி இருக்கேன்" என்றாள், அவ்வளவுதான். பிறகு, "அந்த நோனா எத்தன மணிக்கு வர்றா?" என்றாள். சனிக்கிழமை பேரை விட்டுவிட்டு முதல் பஸ்ஸில் ஏறுகிறாள். தையற்கடைக்காரரிடம் ஒரு ஸ்டூல் கேட்டு வாங்கி, உன் மூலையில், நோனா உட்காருமிடத்துக்கு நேர் எதிரே போட்டு வை. தேத்தண்ணி வாங்கிக் கொடு, சீனி நிறையப் போடச் சொல். அவள் தன் பங்கைக் கேட்பாள். விலையைச் சொல்லும்போது அதையும் சேர்த்தே சொல்.

அப்பா உனக்கு எழுதச் சொன்னது: "நோனா மனசு கோணாம நடந்துக்க." எழுதிவிட்டேன். வாசித்துவிட்டாய். இனி அதை மடித்து வை.

நோனா முதலில் பொம்மையைப் பார்க்கட்டும். பிறகு தலையை நிமிர்த்தி, எதிரே ஸ்டூலில் அதே சரிந்த கொண்டையோடு, தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, சிரிக்காமல் தன்னையே பார்த்துக்கொண்டிருக்கிறவளைப் பார்க்கட்டும். சிரிப்பு என்ன விலை என்று அவளிடமே கேட்கட்டும். இந்தத் தடவை குறுக்கே விழ நான் அங்கே இருக்கமாட்டேன்.

உன் அம்மா